ஒன்றுமில்லாத இடத்துக்குப் பட்டா

புறம்போக்கை வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்களையும், மணலை அள்ளியே ஆற்றைக் காணாமல் அடித்தவர்களையும் பார்த்திருக்கிறோம். இவர்களையெல்லாம் சின்னப் பையன்களாக்கிய மூன்று பேர் ஐரோப்பாவில் இருந்தார்கள். வானத்தில் இடம் பார்த்து, ஆளுக்கொன்றாகத் தம் பெயரில் எழுதிக்கொண்டார்கள். அந்த இடங்களில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் அவற்றின் விசேஷமே. அராகோ புள்ளி, பாபினே புள்ளி, புரூஸ்டர் புள்ளி என்று இன்றைக்கும் அவர்கள் பெயரிலேயே இருக்கின்றன. ஒரு ஆட்சேபணை மனுகூட வரவில்லை.

எது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சூரிய ஒளி, தான் போகும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. மேலும் கீழும், இடமும் வலமும், மூலைவாட்டிலும், எதிலும் ஒரு ஒழுங்கு கிடையாது. காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறியதும் அதற்குத் திடீரென்று ஒழுக்கம் வந்துவிடுகிறது. சூரியனுக்கு 90 பாகை தள்ளியிருக்கும் வானத்திலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி, பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. தளவிளைவு என்று பிளஸ் டூ புத்தகத்தில் வரும். பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு விட்டுவிட்டோம். சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில் போலராய்டு கூலிங் கிளாஸைக் கழற்றிக் கையில் பிடித்து, உச்சி வானத்தைப் பார்த்தபடி மெல்லத் திருப்பினால் தெரியும். ஒரு நிலையில் வானம் வெளுக்கும், கால் திருப்புத் திருப்பினால் கறுக்கும். எவ்வளவு சுத்தமான வானமானாலும் இந்த ஒழுக்கம் நூற்றுக்கு நூறு வராது. முக்கால்வாசி வந்தாலே பெரிய காரியம். அதே வானத்தில், ஒழுக்கம் மருந்துக்கும் இல்லாத சில இடங்கள் உண்டு. கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் அங்கே ஒரு மாற்றமும் தெரியாது. நம் மூவரும் வளைத்துப்போட்டது அவற்றைத்தான்.

விவகாரம் ஒரு கல்லில் ஆரம்பித்தது. ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட் கல் ஒன்றை 1669இல் டென்மார்க்கின் ராஸ்மஸ் பார்த்தோலின் ஆராய்ந்து எழுதினார். கல்லுக்கு அடியில் இருப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. குடிக்காமலே இரண்டாகத் தெரிவது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. ஹைகன்ஸ் 1690இல் இதற்கு வடிவக்கணக்கில் விளக்கம் சொன்னார். ஆனால் ஒரு கல்லுக்குப் பின்னால் இன்னொரு கல்லை வைத்துத் திருப்பினால் சில உருவங்கள் ஏன் மறைந்துபோகின்றன என்ற இடத்தில், தமக்குப் பிடிபடவில்லை என்று எழுதிவைத்துவிட்டார். பெரிய மனிதர்களிடம் காணக் கிடைக்காத குணம். நியூட்டன் வந்து ஒளிக்குப் பக்கங்கள் இருக்கின்றன என்றார். நியூட்டனே சொன்ன பிறகு மற்றவர்கள் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஏறக்குறைய நூறு வருஷம் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தூக்கத்தைக் கெடுத்தவர் எத்தியேன் லூயி மாலுஸ். நெப்போலியன் படையோடு எகிப்துக்குப் போன ராணுவப் பொறியாளர். யாஃபாவில் பிளேக் கண்டு, பிழைத்துத் திரும்பியவர். பாரிஸில் அவர் குடியிருந்த வீதிக்கு நரகத் தெரு என்றே பெயர். பிளேக்கைப் பார்த்தவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. கல் இப்படி இரண்டாகக் காட்டும் இரட்டை விலகலுக்குச் சரியான விளக்கம் தருபவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் அகாடமி 1808இல் அறிவித்திருந்தது. அதனால் மனிதர் கையில் கால்சைட்டோடு திரிந்தார். ஒரு சாயங்காலம் கல்லைக் கண்ணில் வைத்து, எதிரே இருந்த லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களை நோட்டம் விட்டார். சக்கரவர்த்தி ஆட்சியில் அரண்மனை ஜன்னலைக் கருவி வைத்துப் பார்த்தவரை யாரும் பிடித்துப்போகவில்லை என்பது பௌதிகத்தின் அதிர்ஷ்டம். ஜன்னல் கண்ணாடியில் மறையும் சூரியன் பளபளத்தது. கல் வழியே இரண்டு சூரியன்கள் ஒரே பிரகாசத்தில் தெரிந்திருக்க வேண்டும். கல்லைத் திருப்பியபோது ஒன்று மங்கி மற்றது ஓங்கியது. அபூர்வக் கல்லால் மட்டும் முடியும் என்று நினைத்திருந்த காரியத்தைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி செய்திருந்தது. அன்றிரவே மெழுகுவத்தி ஒளியைத் தண்ணீரிலும் கண்ணாடியிலும் பட வைத்து உறுதிசெய்துகொண்டார். 1810இல் அகாடமி பரிசு அவருக்குத்தான். பிரான்ஸோடு சண்டையில் இருந்த பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் ரம்ஃபர்ட் பதக்கம் கொடுத்தது. பிளேக்கால் முடியாததைக் காசநோய் 1812இல் செய்துமுடித்தது. வயது 36.

இனி முதல் பட்டாதாரர். பிரான்ஸ்வா அராகோவை, பூமியின் தீர்க்கரேகையை அளந்து வா என்று 1806இல் ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். வயது இருபது. கூடப்போன மூத்தவர் பியோ, பாதியிலேயே கணக்கு வழக்குகளோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். மிச்சத்தை முடித்துவிட்டு வா தம்பி என்று பொடியனைத் தனியாக விட்டுப்போவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். 1808இல் அராகோ மயோர்க்கா தீவில் ஒரு மலை உச்சியில் உட்கார்ந்து, அளவைக்காக இரவில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதே சமயம் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் நுழைந்திருந்தது. மலைமேல் ஒரு பிரெஞ்சுக்காரன், ராத்திரியில் விளக்கு, கையில் தொலைநோக்கி. ஊர் ஜனங்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? பிரெஞ்சுப் படைக்கு அடையாளம் காட்டுகிறான் என்று கூட்டமாகக் கிளம்பினார்கள். அராகோ உள்ளூர்க்காரன் வேஷத்தில் இறங்கி வந்தார். வழியில் அந்தக் கூட்டத்தையே சந்தித்தார். அவர் பிறந்தது பெர்ப்பின்யான் பக்கம்; கட்டலான் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் பேச்சிலேயே பேசித் தப்பினார். ஆனால் ஊருக்குள் உயிர் தங்காது என்று தெரிந்துபோனதால், தாமாகவே பெல்வர் கோட்டைச் சிறையை நோக்கி ஓடி உள்ளே போய்ச் சேர்ந்தார். சிறையை விட்டு ஓடியவர்கள் ஏராளம். சிறைக்குள் ஓடியவன் தான் ஒருவனே என்று பிற்காலத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார். உள்ளே இருந்தபோது, தம்மைத் தூக்கில் போட்ட செய்தியைப் பத்திரிகையில் படிக்கும் பாக்கியமும் கிடைத்தது.

அங்கிருந்து மீன்பிடிப் படகில் அல்ஜியர்ஸுக்குத் தப்பினார். ஹங்கேரி தேசத்து வியாபாரி என்று ஒரு போலிப் பாஸ்போர்ட் தயாரானது. அதை வைத்துக்கொண்டு பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் அவரைவிட முக்கியமான பயணிகள் இருந்தார்கள்: அல்ஜியர்ஸை ஆண்ட டே, நெப்போலியனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய இரண்டு சிங்கங்கள். ஊர் நெருங்கும் நேரத்தில் ஸ்பானியக் கடற்கொள்ளைக் கப்பல் வந்து எல்லோரையும் மடக்கியது. ரோஸஸ் என்ற ஊரில் முதலில் ஒரு காற்றாலையில் அடைத்தார்கள். விசாரணைக்கு வந்தவரிடம் ஹங்கேரி வியாபாரி, இபிஸா தீவுக்காரன் என்று வாய்க்கு வந்த ஊரையெல்லாம் அராகோ சொன்னார். நிரூபி என்றதும் இபிஸா இடையர் பாட்டை, நடுநடுவே வரும் ஆட்டுச் சத்தத்தோடு பாடிக் காட்டினார். பிற்காலத்தில் பிரான்ஸின் தலைசிறந்த வானியலாளராகப் போகிறவர் மே மே என்று கத்திய அந்தக் காட்சிக்கு யாரும் சிலை வைக்கவில்லை. செலவுக்கு அவர் விற்ற கைக்கடியாரம் எப்படியோ சுற்றி பெர்ப்பின்யானில் இருந்த அப்பாவிடம் போய்ச் சேர, பையன் போய்விட்டான் என்று வீடு துக்கம் கொண்டாடியது.

காப்பாற்றியது சிங்கம். அனுப்பிய இரண்டில் ஒன்று செத்துப்போன செய்தி எட்டியதும் டே கொதித்தெழுந்து ஸ்பெயினை மிரட்ட, கைதிகளை விட்டார்கள். மறுபடி கப்பல். மார்சே துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வடகாற்று அடித்து, கப்பலைத் திரும்ப ஆப்பிரிக்கக் கரையிலேயே கொண்டுபோய்த் தள்ளியது. அங்கிருந்து தரைவழியாக அல்ஜியர்ஸ், அங்கே ஆறு மாதம். ஒருவழியாக 1809 ஜூலையில் மார்சேயில் இறங்கினார். இறங்கியதும் நோய்த்தடுப்புக் காவலில் போட்டார்கள். இத்தனைக்கும் நடுவே அளவைக் குறிப்புகளில் ஒரு தாள் தொலையவில்லை. செப்டம்பரில் அகாடமி அவரை உறுப்பினராக்கியது. வயது 23. ஆராய்ச்சி மாணவர்கள் ஊக்கத்தொகை தாமதம் என்று முகம் சுளிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிங்கம்தான் ஞாபகம் வரும்.

இத்தனையும் பட்டு வந்தவர் கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அதே ஆண்டே கால்சைட்டை எடுத்து நீல வானத்தைப் பார்த்தார். ஜன்னலில் பட்டுத் தெறித்த ஒளிக்கு மாலுஸ் கண்ட குணம் வானத்துக்கும் இருந்தது. சூரியனிலிருந்து 90 பாகையில் உச்சம். அதோடு, சூரியன் மேற்கே இருக்கும்போது கிழக்கே, சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளிக்குச் சுமார் 20 பாகை மேலே, தளவிளைவே இல்லாத ஓர் இடம் தட்டுப்பட்டது. உலகத்தில் வேறு யாராவது இருந்தால் கல்லைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்திருப்பார்கள். அராகோ ஒன்றுமில்லாததையும் ஒரு கண்டுபிடிப்பாக எழுதிவைத்தார். முதல் பட்டா பதிவானது. பிற்பாடு 1848 புரட்சியில் அமைச்சராகி, பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணையில் பங்கெடுத்து, ஒன்றரை மாதம் நாட்டின் தலைமையிலும் உட்கார்ந்தார். அதெல்லாம் அவருக்குச் சாதாரணம்.

1840இல் ழாக் பாபினே, சூரியனுக்கு மேலே ஓர் இடத்தைக் கண்டார். பாபினே பத்திரிகைகளில் அறிவியல் எழுதிப் பேர் வாங்கியவர். அட்லாண்டிக்குக்கு அடியில் தந்திக் கம்பி போடும் யோசனையைக் கேலி செய்து எழுதியவர். கம்பி பிறகு போடப்பட்டது, தந்தியும் போனது. எழுத்தாளர்கள் ஆரூடம் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

மேலே ஒன்று இருந்தால் கீழே ஒன்று இல்லாமலா போகும் என்று கேட்டவர் டேவிட் புரூஸ்டர். பாதிரியாராகப் படித்து, பிரசங்க மேடையில் ஏறினால் நடுக்கம் வந்ததால் ஒளியியலுக்கு வந்தவர். கலைடாஸ்கோப் அவர் கண்டுபிடித்ததுதான். 1817இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதற்குள் கடைக்காரர்கள் ரகசியம் தெரிந்துகொண்டு ஆளாளுக்குச் செய்து விற்றார்கள். லண்டனிலும் பாரிஸிலும் மூன்று மாதத்தில் இரண்டு லட்சம் விற்றதாக அவரே கணக்குச் சொன்னார். கைக்கு வந்தது சொற்பம். பூமியில் உரிமை நிலைக்காத மனிதர் வானத்தில் இடம் தேடியதில் ஆச்சரியமில்லை. 1842இல் சூரியனுக்குக் கீழே, தான் எதிர்பார்த்த இடத்தில் புள்ளியைப் பிடித்தார். சூரியனின் கூச்சமும் அடிவானத்துப் புகைமூட்டமும் சேர்ந்து மறைக்கும் இடம் அது. பாபினேக்கே அது கண்ணில் பட 1846 வரை ஆனது. அதுவரை புரூஸ்டர் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். இதில் வேடிக்கை, ஒளி ஓர் அலை என்பதைப் புரூஸ்டர் கடைசிவரை மனதார ஒப்புக்கொள்ளவே இல்லை. இடம் என்னுடையது, மண் எதனால் ஆனது என்று என்னைக் கேட்காதே என்ற நிலைப்பாடு.

இந்த இடங்களுக்கு எல்லைக்கல்லும் நிலையாக நிற்காது. காற்றில் தூசு கூடினால் புள்ளி நகரும். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தூசு உலகைச் சுற்றியபோது, பட்டாதாரர்களின் இடங்கள் வழக்கமான இடத்தை விட்டுத் தள்ளிப்போயின. மூவருமே அப்போது உயிரோடு இல்லை.

ஒரு நாய் விஷயம் சொல்ல வேண்டும். இதை விட்டால் கூலிங் கிளாஸ் கதை முழுமையாகாது. 1852இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஹெராபத்தின் மாணவர், குயினைன் கொடுத்த நாயின் சிறுநீரில் அயோடினைச் சொட்டினார். ஏன் சொட்டினார் என்று கேட்காதீர்கள், மாணவர்கள் அப்படித்தான். பச்சையாகப் பளபளக்கும் படிகங்கள் வந்தன. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்த இடத்தில் இருட்டாக இருந்தது. தளவிளைவு செய்யும் படிகம். புரூஸ்டர் தம் கலைடாஸ்கோப் புத்தகத்தின் மறுபதிப்பில் இதைக் குறிப்பிட்டார். அமெரிக்காவில் எட்வின் லேண்ட் அதைப் படித்தார். அந்தப் படிகங்களை நுண்ணியதாக்கி ஒரே திசையில் அடுக்கித் தாளாக்கினார்; 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் போலராய்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் சரக்கின் பூர்வீகம் இது. இன்றைய கண்ணாடிகளில் வேறு ரசாயனம்தான் இருக்கிறது, நிம்மதியாக மாட்டிக்கொள்ளலாம்.

இத்தனை பேர் இடத்தைக் காட்டினார்களே ஒழிய, ஏன் அங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. டிண்டால் லண்டனில் குழாய்க்குள் நுண்துகள்களை மிதக்கவிட்டு நீலத்தையும் தளவிளைவையும் சேர்த்தே வரவழைத்துக் காட்டினார். 1871இல் ரேலே சிதறலுக்குக் கணக்குப் போட்டார். வானம் ஏன் நீலம் என்ற கேள்வி தீர்ந்தது. ஆனால் ரேலே கணக்குப்படி தளவிளைவு பூஜ்யமாக வேண்டியது சூரியனிலும் அதன் நேரெதிர்ப் புள்ளியிலும் மட்டும்தான். வானமோ அதைக் கேட்காமல் 15, 20 பாகை தள்ளித்தான் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஒரு தமிழ்க் குடும்பம் உள்ளே வருகிறது. 1921இல் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடல் நீலமாக இருந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லிவைத்தவர் ரேலே. திருச்சிக்காரரின் பையில், தளவிளைவைச் சோதிக்கும் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. அதைச் சரியான கோணத்தில் பிடித்தால், நீரில் பட்டுத் தெறிக்கும் வான ஒளி தளவிளைவு காரணமாக அடைபட்டுப்போகும். அந்தக் கோணத்தின் கணக்கு புரூஸ்டருடையது. அடைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, கூடியது. கடலுக்குச் சொந்த நீலம் இருக்கிறது, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதி, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நிற்கும்போதே நேச்சர் இதழுக்கு அனுப்பினார். நோபல் பரிசு பெற்ற பிரபு சொன்னதாயிற்றே என்ற தயக்கமெல்லாம் ராமனிடம் எப்போதும் இருந்ததில்லை. 1928இல் அவர் கண்ட புது ஒளியை, இது வெறும் ஒளிர்வு அல்ல என்று காட்டிக்கொடுத்ததிலும் தளவிளைவுக்குப் பங்குண்டு.

ராமனுடைய அண்ணன் மகன் சந்திரசேகர். 19 வயதில் 1930இல் அவரும் கப்பல் ஏறினார். போகிற வழியில் நட்சத்திரங்கள் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டார். இந்தக் குடும்பத்தில் கப்பல் ஏறியவர்கள் யாரும் சும்மா கடல் பார்த்துக்கொண்டு வந்ததில்லை. சித்தப்பா கடலை எடுத்துக்கொண்டதால் மருமகனுக்கு... இல்லை, மகன் முறைக்கு வானம்தான் மிச்சம். நாற்பதுகளில், அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் உட்கார்ந்து, ஒரு முறை சிதறிய ஒளி மறுபடி மறுபடி சிதறுவதையும் தளவிளைவோடு சேர்த்துக் கணக்கிட்டார். ரேலே விட்ட இடம் அதுதான். இரண்டாம் சிதறல் முதல் சிதறலோடு மோதி அதைச் சரிக்கட்டும் இடங்களில் பூஜ்யம் விழுகிறது; அது சூரியனிலும் எதிர்ப் புள்ளியிலும் விழாமல், அவற்றுக்கு மேலும் கீழுமாகப் பிரிந்து விழுகிறது. டானா எல்பர்ட் என்ற பெண்மணி கணக்குப் பொறியில் எண்களைக் கறந்தார்; இருவர் பெயரிலும் 1954இல் வானத்தின் தளவிளைவு அட்டவணைகளாக வந்தது. அராகோவும் பாபினேயும் புரூஸ்டரும் சொன்ன இடங்களிலேயே பூஜ்யங்கள் நின்றன. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு அப்புறம் பத்திரம் சரிபார்க்கப்பட்டது.

ஆனால் அனுபவ பாத்தியதை என்று ஒன்று உண்டு. அதன்படி பார்த்தால் வழக்கு வேறு மாதிரிப் போகும். துனிசியாவின் கைருவான் ஊரில் சான்ட்ஷி என்ற சுவிஸ் மருத்துவர் வைத்தியம் பார்த்தது போக மிச்ச நேரத்தில் எறும்புகளின் பின்னால் நடந்தார். எறும்பைச் சுற்றி அட்டை உருளையைப் பிடித்துக்கொண்டே கூடவே போனார்; சூரியன் தெரியாமல் மேலே ஒரு துண்டு வானம் மட்டும் தெரியும்படி. எறும்பு அப்போதும் வழி தவறவில்லை. 1923இல் எழுதிவைத்தார், எதைப் பார்த்துப் போகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1949இல் விடை சொன்னார், தேனீக்களை வைத்து. கிராட்ஸ் நகரத்துப் பௌதிகக்காரர் பென்டோர்ஃப் தளவிளைவாக இருக்கலாமே என்று கிளப்பிவிட்டிருந்தார். ஃபிரிஷ் கூட்டுக்கு மேல் போலராய்டு தாளைத் திருப்பினார். ஆட்டத்தால் திசை சொல்லிக்கொண்டிருந்த தேனீக்கள் ஆட்டத்தின் திசையை மாற்றிக்கொண்டன. சூரியன் மேகத்துக்குள் போனாலும், ஒரு நீலத் துண்டு தெரிந்தால் தேனீக்கு வழி தெரியும். அராகோ சிறை சிறையாக ஓடிச் சம்பாதித்ததைப் பூச்சிகள் பிறவியிலேயே வைத்திருந்தன.

நாமும் முழுக் குருடல்ல. 1844இல் ஆஸ்திரியாவின் ஹைடிங்கர், கருவி இல்லாமலே மனிதக் கண் தளவிளைவைப் பார்க்கும் என்று காட்டினார். பார்வையின் நடுவே மங்கலான மஞ்சள் வில்முடிச்சு ஒன்று தெரியும். தெரிகிறதா என்று முறைத்துப் பார்த்தால் சில விநாடிகளில் மறைந்துவிடும். அத்தனை ஆயிரம் ஆண்டுகள் யாரும் கவனிக்காததற்கு மனிதகுலத்தைக் குறை சொல்ல முடியாது.

வைக்கிங்குகளையும் இந்த வழக்கில் சேர்க்கிறார்கள். மேகமூட்டத்தில் ஒரு சூரியக்கல்லைப் பிடித்துச் சூரியன் எங்கே என்று கண்டதாக ஐஸ்லாந்துப் பழங்கதை ஒன்று சொல்கிறது. அது கால்சைட்டாக இருக்கலாம், தளவிளைவை வைத்துத்தான் கப்பல் ஓட்டினார்கள் என்று 1967இல் டென்மார்க்கின் ராம்ஸ்கோ சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோண்டியெடுத்த வைக்கிங் கப்பல் ஒன்றிலும் அந்தக் கல் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே கால்சைட், 1592இல் மூழ்கிய ஆங்கிலேயக் கப்பலில். அதற்குள் திசைகாட்டி வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. வாய்மொழிச் சாட்சியம் மட்டும் வைத்து யாருக்கும் பட்டா தர முடியாது.

எதிர்ப் புள்ளிக்கு மேலே அராகோ, சூரியனுக்கு மேலே பாபினே, கீழே புரூஸ்டர். கணக்குப்படி எதிர்ப் புள்ளிக்குக் கீழேயும் ஒன்று இருந்தாக வேண்டும். ஆனால் சூரியன் வானத்தில் இருக்கும்போது அந்த இடம் அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. தரையில் நின்று தலைகீழாகத் தவம் செய்தாலும் தெரியாது. உயரப் போய், கீழே உள்ள காற்றைப் பார்க்க வேண்டும். ஹங்கேரியின் ஹோர்வாத் கூட்டாளிகளுடன் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறி, சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பினார். 2002இல் கட்டுரை வந்தது. அராகோவுக்கு 193 வருஷம் கழித்து, அவருடைய போலிப் பாஸ்போர்ட்டில் எழுதியிருந்த தேசத்துக்காரர்கள் கணக்கை முடித்தார்கள். கூட்டாளிகளில் ஒருவர் ரூடிகர் வேனர்; சான்ட்ஷியின் துனிசியாவில் பல பத்தாண்டு எறும்புகளின் பின்னால் நடந்த அதே வம்சம். நான்காவது புள்ளிக்கு இன்னும் ஆள் பெயர் ஒட்டவில்லை. அடக்கம் காரணமாக இருக்கலாம். கட்டுரையில் ஐந்து பேர் கையெழுத்து இருப்பதும் காரணமாக இருக்கலாம். ஐந்து பங்காளிகள் உள்ள சொத்துக்கு எந்த ஊரில் சீக்கிரம் பட்டா ஆகியிருக்கிறது?